பேச்சி கேட்ட கேள்விகள்

கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மட்டும் அடுத்த வருடத்துப் பாடங்களைப் படித்துக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் யாரும் அங்கே இல்லை. ஒருவன் குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தான். ஒருத்தி சாத்தூரில் சித்தி வீட்டில் இருந்தாள். பாதிப் பேர் வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தார்கள். படித்துக்கொண்டிருந்தவை அவர்களுடைய நிழல்கள்.

கோவில்பட்டியின் அந்த மேல்நிலைப் பள்ளிக்கு நிழல் வகுப்பு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒவ்வொரு மேசையிலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கருவி பதித்திருக்கும். பிள்ளை என்ன பேசுகிறது, எங்கே தயங்குகிறது, எதைத் திரும்பக் கேட்கிறது, எந்த வரியில் கண் நின்றுபோகிறது என்று வருடம் முழுக்க அது கவனித்துக்கொண்டே இருக்கும். கவனித்ததை வைத்து, அந்தப் பிள்ளையைப் போலவே படிக்கிற, அந்தப் பிள்ளையைப் போலவே குழம்புகிற ஒரு நிழலைக் கணினிக்குள் உருவாக்கும். இது வந்தபிறகு பரீட்சை என்பதே போய்விட்டது. யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை நிழலைக் கேட்டாலே போதும்.

அதைவிடப் பெரிய உபகாரம் பாடத்திட்டம் போடுவதில்தான். முன்பெல்லாம் மே மாதம் வந்தால் ஆசிரியர் அறையில் சண்டை நடக்கும். அறிவியலுக்கு இன்னும் ஒரு பீரியட் வேண்டும் என்பார் ஒருவர். கணக்கில் விகிதம் நடத்துவதற்கு முன்னால் புவியியல்காரர் வரைபட அளவையை நடத்திவிட்டார், பிள்ளைகள் முழிக்கிறார்கள் என்று இன்னொருவர் கத்துவார். இப்போது அந்தத் தலைவலி இல்லை. எந்தப் பாடத்துக்கு முன்னால் எந்தப் பாடம், எதோடு எதைச் சேர்த்து நடத்துவது என்று ஆயிரக்கணக்கான வரிசைகளில் நிழல் வகுப்பு ஒரு முழு வருடத்தைப் படித்துப் பார்க்கும். எந்த வரிசையில் வகுப்பு அதிகம் தேறுகிறதோ, அதுதான் ஜூன் மாதம் நிஜப் பிள்ளைகளுக்கு வரும்.

கரிசல் மண்ணைப் பற்றிய அறிவியல் பாடமும் தமிழ்ச் செய்யுளில் நிலங்களைப் பற்றிய பாடமும் ஒரே வாரத்தில் வந்தது அப்படித்தான். தீக்குச்சி எரிவதைப் பற்றிய வேதியியல் பாடம் முடிந்த மறுநாளே ஊரில் தீப்பெட்டித் தொழில் வந்த கதை வரலாற்றில் வந்தது. எந்த ஆசிரியருக்கும் தோன்றியிருக்காத வரிசை அது. பிள்ளைகள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றுக்குத் தாவினார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கணக்கு ஆசிரியை செண்பகவல்லிக்கு. வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. சொந்த வேலையை விடப் பள்ளிக்கூட வேலையை ஒழுங்காகச் செய்கிறவர் என்று பெயர். அவர் பொறுப்பில் 'ஆ' பிரிவு அந்த வருடம் மாநிலத்திலேயே முன்னால் நின்றது. எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். சென்னையில் இருந்து ஒரு குழு வந்து, இந்தப் பாடத்திட்டத்தை மற்றப் பள்ளிகளுக்கும் கொண்டுபோகலாமா என்று பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

அதற்காகத்தான் விடுமுறையிலும் செண்பகவல்லி கணினி அறைக்கு வந்திருந்தார். உடன் ஜெபசிங். மாவட்டத்தில் நிழல் வகுப்புகளைப் பராமரிக்கிற இளைஞன். திட்டம் ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்தது என்று குழு கேட்கும். அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தான்.

"ஒவ்வொரு பிள்ளையா வெளியே எடுத்துப் பார்க்கிறேன், டீச்சர்" என்றான். "ஒரு நிழலை எடுத்துட்டு அதே பாடத்திட்டத்தை ஓட்டினா மத்தவங்க எப்படிப் படிக்கிறாங்கன்னு தெரியும்."

"என்ன ஆச்சு?"

"யாரை எடுத்தாலும் ஒண்ணும் ஆகல. முதல் வரிசைப் பிள்ளைங்களை எடுத்தேன், அப்பவும் ஆகல. ஆனா இவங்களை எடுத்தா" என்று திரையைத் திருப்பினான், "வகுப்பே உட்கார்ந்துடுது."

திரையில் இருந்த பெயர் பேச்சியம்மாள்.

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. குலதெய்வத்தின் பெயரை வைத்த வீட்டுக்காரர்களே எதிர்பார்த்திருக்கமாட்டார்கள், அந்தப் பெண் அப்படிப் பேசுவாள் என்று. வகுப்பில் எல்லோருக்கும் அவள் பேச்சிதான். பாடம் தொடங்கிச் சற்று நேரத்துக்குள் அவள் கை மேலே போகும். 'டீச்சர், இன்னொரு தடவை சொல்லுங்க' என்பாள். 'அப்படின்னா இது எப்படி?' என்பாள். மற்ற ஆசிரியர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

"பேச்சி கேள்வி கேட்பா. நாங்க திரும்பச் சொல்வோம். அதனால மத்தவங்களுக்கும் புரியுது. அதானே?"

"அதேதான். ஒரு வகுப்புக்கு இது பெரிய விஷயம், டீச்சர். மத்தவங்க கேட்கக் கூச்சப்படுவாங்க. இவங்க கேட்டுடுறாங்க."

செண்பகவல்லி மகிழ்ச்சியோடு அவள் நிழலின் வருடத்தைத் திறந்து பார்த்தார். மற்றப் பிள்ளைகளின் கோடுகள் ஜூனில் கீழே தொடங்கி மார்ச்சில் மேலே போய் நின்றன. பேச்சியின் கோடு எங்கும் ஏறவில்லை. தொடங்கிய இடத்திலேயே வருடம் முழுக்கப் படுத்திருந்தது.

"இது என்ன தம்பி, இவ மட்டும் இப்படி?"

ஜெபசிங் கொஞ்ச நேரம் தேடினான். இரண்டாம் இடம் வந்த பாடத்திட்டத்தைத் திறந்தான். மூன்றாவதைத் திறந்தான். அப்புறம் நாற்காலியில் சாய்ந்தான்.

"நல்லாத் தேறின எல்லாத் திட்டத்துலயும் இவங்க கோடு இப்படித்தான் இருக்கு, டீச்சர். இவங்க மேலே ஏறுற திட்டமும் இருக்கு. ஆனா அதுல வகுப்பு கீழே போகுது."

"புரியும்படியாச் சொல்லுங்க."

"இவங்களுக்கு எடை போட்டு, கலந்து பார்த்தா விகிதம் புரியுதுன்னு நிழல் சொல்லுது. ஜெயிச்ச திட்டத்துல எடை போடுற ஆய்வகம் விகிதத்துக்கு அப்புறம் வருது. இவங்க ஒருத்தருக்கு மட்டும் வரிசை தலைகீழ். எல்லாப் பாடத்துலயும் இப்படித்தான் அமைஞ்சிருக்கு. இவங்க குழம்பினாத்தான் கேட்பாங்க. கேட்டாத்தான் மத்தவங்களுக்குப் புரியும். அதனால…"

"அதனால அவளைக் குழப்பத்துலயே வச்சிருக்கு."

"யாரும் வேணும்னு செய்யல, டீச்சர். வகுப்பு மொத்தமா எவ்வளவு தேறும்னு நாம கேட்டோம். அது அதைச் செஞ்சு கொடுத்துச்சு." அவன் குரல் இறங்கியது. "இன்னொண்ணும் இருக்கு. இவங்க கேட்கிற கேள்வி எல்லாம் வேற வேற ஆள் கேட்ட மாதிரி இருக்கு. ஒரு நாள் எடைக்கல்லை வச்சுக் கேட்கிறாங்க. ஒரு நாள் கிரிக்கெட்டை வச்சு. நிழலுக்கு இவங்களைச் சரியாப் பிடிக்க முடியல. 'புரிதலில் நிலையில்லை'ன்னு குறிச்சு வச்சிருக்கு. விருப்பப் பாடம் மறுத்ததும் அதனாலதான்."

அது செண்பகவல்லிக்கு நினைவிருந்தது. மொட்டைமாடியில் வானிலைக் குழு என்று ஒன்று உண்டு. காற்று வேகம் பார்ப்பதும், மேகம் பார்ப்பதும், நாளைய வானிலையைக் கணிப்பதுமாக வாரத்தில் இரண்டு நாள் கணக்கு பீரியடில் நடக்கும்; சேர்ந்தவர்களுக்கு அந்தக் கணக்குப் பாடம் மாலையில். பேச்சி அதில் சேர மனுக் கொடுத்தாள். நிழல் வகுப்பு அவளுக்கு அந்த நேரத்தில் வகுப்பிலேயே கணக்குத் துணைப் பயிற்சி போட்டிருந்தது. பலவீனமான பிள்ளைக்கு உதவி செய்கிறோம் என்று நினைத்து அதில் ஒப்புதல் கொடுத்தவர் செண்பகவல்லி.

தலைமையாசிரியர் சங்கரபாண்டியன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. காலையில் வாசலில் நின்று, சாப்பிடாமல் வந்த பிள்ளை எது என்று முகம் பார்த்தே கண்டுபிடிக்கிறவர்.

"டீச்சர், நீங்க சொல்றது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அந்த வகுப்புல பேர் எழுதத் தெரியாம வந்த பிள்ளைங்க உண்டு. இன்னைக்கு அவங்க படிக்கிறாங்க. இதை விட்டுடச் சொல்றீங்களா?"

"விடச் சொல்லல, சார். அது யார் தலையில விழுதுன்னு பாருங்கன்னு சொல்றேன்."

"ஒரு பிள்ளை கொஞ்சம் பின்தங்குது. அவளுக்குத் தனியா எடுத்துச் சொல்லி ஈடுகட்டிடலாமே?"

"ஈடுகட்ட முடியாது, சார். அவளுக்குப் புரிஞ்சிட்டா அவ கேட்கமாட்டா. அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கு. அது மட்டுமில்ல. இதைக் குழு எடுத்துட்டுப் போனா ஒவ்வொரு பள்ளியிலும், ஒவ்வொரு வகுப்பிலும் இப்படி ஒரு பிள்ளையைத் தேடிப் பிடிக்கும். அந்தப் பிள்ளைக்கும் தெரியாது, அதைப் பெத்தவங்களுக்கும் தெரியாது."

சங்கரபாண்டியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குழு வர இன்னும் நாள் இருக்கு. அதுக்குள்ள வேற வழி இருந்தா சொல்லுங்க" என்றார்.

மறுநாள் காலையில் செண்பகவல்லி பள்ளி அலுவலகத்தில் இருந்தபோது ஒரு பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள். கயத்தாறு காற்றாலைக் கம்பெனியின் ஆரஞ்சு நிறச் சட்டை. இடுப்பில் இன்னும் கழற்றாத பாதுகாப்பு வார். பேச்சியின் அம்மா ராஜகனி. காற்றாலைக் கோபுரங்களின் உச்சியில் ஏறி இறக்கைகளைப் பழுது பார்க்கிற வேலை அவளுக்கு.

"டீச்சரம்மா, உள்ள வரலாமா? இந்தப் பக்கம் வேலை இருந்துச்சு. உங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு."

"வாங்க, உட்காருங்க."

அவள் உட்காரவில்லை. கையில் இருந்த பையை மேசைமேல் வைத்தாள். உள்ளே வெள்ளரிப்பிஞ்சு. "எங்க பிள்ளை சரியான வாயாடி. முந்திப் படிச்ச பள்ளிக்கூடத்துல அவளைக் கடைசி பெஞ்சுல ஒக்கார வச்சாக. கேள்வி கேட்டா வெளிய நிக்கச் சொன்னாக. படிப்பு வரல, வேற எடம் பாருங்கன்னும் சொன்னாக. இங்க வந்தப்பறம் ஒருநாள் கூட அவ அழுதுக்கிட்டு வரல. எத்தனை தடவை கேட்டாலும் டீச்சர் சிரிச்சுக்கிட்டே சொல்லிக் கொடுப்பாகன்னு சொல்லுவா. படிப்பு மெதுவாத்தான் வருது, தெரியுது. இருந்தாலும் மனசு நோகாம வச்சிருக்கீக. அதுக்கு நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா நெனைச்சேன்."

செண்பகவல்லியால் அந்த நன்றியை வாங்கிக்கொள்ள முடியவில்லை. "உட்காருங்கம்மா" என்றார் மறுபடியும். இந்தமுறை அவர் குரலைக் கேட்டு ராஜகனி உட்கார்ந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னார். நிழல் என்றால் என்ன, வரிசை என்றால் என்ன, எந்தக் கோடு ஏறியது, எது ஏறவில்லை என்று மறைக்காமல் சொன்னார். வானிலைக் குழுவைப் பற்றியும் சொன்னார்.

ராஜகனி கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள். "அந்த மாடிக் குழுவுல சேரணும்னு அவ ஏன் நின்னான்னு தெரியுமா?" என்றாள். "நான் மேல இருக்கப்போ திடீர்னு காத்து தூக்கும். கீழ இருந்து எச்சரிக்கை வரும், ஆனா அவளுக்கு அது பத்தாது. தானே பார்த்துச் சொல்லணும்னு. அதுதான் கெடைக்கலன்னு அன்னைக்கு ராத்திரி சாப்பிடல."

"என்னை மன்னிச்சிடுங்க."

"மத்த பிள்ளைக நல்லா வந்துட்டாகளா?"

"வந்துட்டாங்க."

"எங்க பிள்ளையால?"

"ஆமா. அவளாலதான்."

ராஜகனியின் கண் நிறைந்தது. கோபம்தான் வரும் என்று செண்பகவல்லி காத்திருந்தார். வந்தது கோபம் இல்லை. "அவ எதுக்கும் ஒதவமாட்டான்னு சொன்னாக, டீச்சரம்மா. சொந்தக்காரங்களே சொன்னாக." சேலைத் தலைப்பு இல்லாததால் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரியப்போறதில்ல. சொன்னீக பாருங்க, அது போதும். ஆனா அவகிட்டயும் சொல்லணும். அவளுக்குத் தெரியாம அவளை வச்சு எதுவும் செய்யாதீக. இனி என்னன்னு அவளே சொல்லட்டும்."

மாலையில் பேச்சி வந்தாள். எண்ணெய் வைத்து இறுகப் பின்னிய சடை, அம்மாவின் பழைய தொப்பி. காலியாகக் கிடந்த வகுப்பறையில் அவள் வழக்கமாக உட்காரும் பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தாள். செண்பகவல்லி எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து, அம்மாவிடம் சொன்னதை அவளிடமும் சொன்னார். பிள்ளைக்குச் சொல்வது அம்மாவுக்குச் சொன்னதைவிடக் கடினமாக இருந்தது.

பேச்சி வாயைத் திறக்காமல் கேட்டது அதுதான் முதல்முறை. முடிந்ததும் நெற்றியைச் சுருக்கினாள்.

"விகிதப் பாடத்துல நான் குழம்பினேன்னு அது சொல்லுதா, டீச்சர்?"

"ஆமாம்மா. எடை போட்டுப் பார்த்தாத்தான் உனக்குப் புரியும்னு சொல்லுது. வெல்லமும் கடலையும் வச்சு நீ கேட்டியே, ஒரு கேள்வி."

"அது எனக்கு இல்லையே, டீச்சர்."

"என்ன?"

"அது பானுவுக்கு." பேச்சி பின்னால் திரும்பி மூன்றாவது பெஞ்சைக் காட்டினாள். ஷர்மிளா பானு உட்காரும் இடம். திக்குவாய் காரணமாக வகுப்பில் பேசவே பேசாத பெண். "அவங்க வாப்பா கடலைமிட்டாய் போடுறாங்கல்ல. அவளுக்கு அப்படிச் சொன்னா டக்னு புரியும். அவளால எந்திரிச்சுக் கேட்க முடியாது. அதான் நான் கேட்டேன். எனக்கு விகிதம் நீங்க முதல் தடவை சொன்னப்பவே புரிஞ்சிடுச்சு."

செண்பகவல்லி எழுந்து கரும்பலகைப் பக்கம் போனார். சாக்பீஸை எடுத்து அவளிடம் நீட்டினார். பேச்சி எழுந்து போய்க் கரும்பலகையில் விகிதத்தை நடத்திக் காட்டினாள். பிசகே இல்லை. எங்கே பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்று தெரிந்து அங்கே நின்று நின்று போனாள்.

"அப்போ கிரிக்கெட்டை வச்சுக் கேட்டது?"

"மதியழகனுக்கு. அவன் அதைத் தவிர எதையும் கவனிக்கமாட்டான்."

"எல்லாக் கேள்வியுமா?"

"எல்லாம் இல்ல, டீச்சர். மின்சாரப் பாடம் எனக்கு நிஜமாவே புரியல. இப்பவும் புரியல." கொஞ்சம் வெட்கப்பட்டாள். "அப்புறம் இங்கிலீஷ் இலக்கணம். மத்தது பாதிக்கு மேல மத்தவங்களுக்கு. பின்னால திரும்பிப் பார்ப்பேன். முகத்தைப் பார்த்தாலே தெரியும், யாருக்குப் போய்ச் சேரலன்னு."

"எல்லாரும் உன்னை மக்குன்னு நினைப்பாங்களே, பேச்சி?"

"முந்தின பள்ளிக்கூடத்துலயே நினைச்சுட்டாங்கல்ல? அதனால எனக்குப் பெருசா ஒண்ணும் தெரியல." சாக்பீஸ் தூளைப் பாவாடையில் தட்டிவிட்டுக்கொண்டாள். "மாடிக் குழு கெடைக்காததுதான் கஷ்டமா இருந்துச்சு."

"இந்த ஜூன்ல இருந்து நீ மாடிக்குப் போற. யார் என்ன சொன்னாலும் சரி."

பேச்சியின் முகம் மலர்ந்தது. உடனே கவலையும் வந்தது. "மாடிக் குழு கணக்கு பீரியட்ல வருமே, டீச்சர். அப்போ அவங்களுக்கு யார் கேட்பா?"

"அதை நான் பார்த்துக்கிறேன்" என்றார் செண்பகவல்லி.

எழுந்து போனவள் வாசலில் நின்று திரும்பினாள். "டீச்சர், பானுகிட்ட இதைச் சொல்லிடாதீங்க. அவளுக்குக் கூச்சமா இருக்கும்."

"சொல்லமாட்டேன். பேச்சி, ஒரு நிமிஷம்." செண்பகவல்லி எழுந்து நின்றார். ஒரு மாணவிக்கு முன்னால் எழுந்து நின்றது அவருக்கே வித்தியாசமாக இருந்தது. "போன வருஷம் என் வகுப்பு நல்லா இருந்துச்சுன்னா அதுக்கு நீதான் காரணம். ரொம்ப நன்றிம்மா."

பேச்சி தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓடிவிட்டாள்.

விஷயத்தைக் கேட்டதும் ஜெபசிங் நாற்காலியைக் கணினிப் பக்கம் இழுத்தான். அப்புறம் திரையில் ஏதேதோ திறந்து மூடினான்.

"இதுக்கு இடமே இல்ல, டீச்சர்" என்றான். "ஒருத்தர் கேள்வி கேட்டா அவருக்குத் தெரியல. கேட்காம இருந்தா தெரியும், இல்லைன்னா கவனிக்கல. இவ்வளவுதான் இதுக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டே இன்னொருத்தருக்காகக் கேட்பாங்கன்னு இதைச் செஞ்சவங்க யாரும் நினைச்சுப் பார்க்கல. நானும்தான்."

"அப்போ பானுவோட நிழல்?"

"அவங்க பேசினதே இல்ல. அதனால எல்லாம் தானாப் புரிஞ்சுக்கிறவங்கன்னு எழுதி வச்சிருக்கு." அவன் தலையைச் சொறிந்தான். "ரெண்டு பேர் நிழலும் தப்பு. நாம மெச்சிக்கிட்ட வரிசை முழுக்க இந்தத் தப்பு மேலதான் நிக்குது. அப்புறம் எப்படி வேலை செஞ்சுதுன்னு கேட்டா, பேச்சி வகுப்புல இருந்தாங்க. அவ்வளவுதான்."

பாடத்திட்டம் அந்த வருடம் பழைய முறையில், ஆசிரியர்களின் சண்டையோடு உருவானது. கரிசல் மண்ணையும் செய்யுளையும் சேர்த்த மாதிரி நல்ல வரிசைகளை நிழல் வகுப்பிடம் இருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எந்தப் பிள்ளையின் கோடும் படுத்தே கிடக்கக்கூடாது என்று முதலில் எழுதிவைத்துவிட்டுத்தான் மற்றதைப் பேசினார்கள். விருப்பப் பாடத்தை இனி நிழல் மறுக்கக்கூடாது என்றும் முடிவு செய்தார்கள். மின்சாரப் பாடத்துக்கு முன்னால் ஒரு வாரம் முழுக்கச் செய்முறை வைக்கவேண்டும் என்று செண்பகவல்லி பிடிவாதமாக நின்றார். அது யாருக்காக என்று இயற்பியல் ஆசிரியர் கேட்கவில்லை. நிழல்களை ஓட்டிப் பார்த்ததில் வகுப்பின் மொத்தத் தேர்ச்சி போன வருடத்தைவிட இறங்கியது. சங்கரபாண்டியன் அதை வெகுநேரம் பார்த்தார். கடைசியில், "சரி, குழுவுக்கு நானே சொல்றேன்" என்றார்.

சொன்னார். குழுவில் வந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் நிறையக் கேள்வி கேட்டார். முடிவு எதுவும் சொல்லாமல் போனார்கள். மற்றப் பள்ளிகளுக்குக் கொண்டுபோவது ஒரு வருடம் தள்ளிவைக்கப்பட்டது என்று பிறகு தகவல் வந்தது. பத்திரிகையில் வரவிருந்த பாராட்டும் வரவில்லை. ஆசிரியர் அறையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அந்த வாரம் பேச்சியை வழியில் பார்த்த ஆசிரியர்கள் எல்லோரும் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். அவளுக்கு அது ஏன் என்று புரிந்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை.

பள்ளி திறந்தது. பத்தாம் வகுப்பில் செண்பகவல்லி வடிவொத்த முக்கோணங்களைத் தொடங்கிய அன்று வானிலைக் குழுவுக்கு முதல் நாள். மணி அடித்ததும் பேச்சி காற்றுமானியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். போகும்போது ஒருமுறை எல்லோருடைய முகத்தையும் பார்த்தாள்.

செண்பகவல்லி பாடத்தை நடத்தினார். எவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு தெளிவாகச் சொன்னார். முடித்துவிட்டு, "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றார்.

யாரும் கேட்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருட அனுபவத்தில் முகங்களைப் படிக்க அவர் கற்றுக்கொண்டதே இல்லை. அவருக்கு அதற்கு அவசியம் வராதபடி யாரோ ஒரு பிள்ளை எப்போதும் இருந்திருக்கவேண்டும்.

அடுத்த கணக்குக்குப் போகலாம் என்று கரும்பலகைப் பக்கம் திரும்பியபோது பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது.

ஷர்மிளா பானு எழுந்து நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது. வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"டீ… டீச்சர்." முதல் சொல்லிலேயே நாக்கு மாட்டிக்கொண்டது. மேசையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. "ப… படத்துல ஒரு மு… முக்கோணம் சின்னது. அதோட கோணம் மட்டும் ஏன் சி… சின்னதாகல?"

நல்ல கேள்வி. மிக நல்ல கேள்வி. செண்பகவல்லி சிறியதும் பெரியதுமாக முக்கோணங்களை மறுபடி வரைந்து, காகிதத்தில் வெட்டி ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக் காட்டி, முதலில் இருந்து சொன்னார். சொல்லிக்கொண்டே வகுப்பைப் பார்த்தார். ஜன்னலோரம் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையன், அதுவரை குனிந்தே இருந்தவன், நிமிர்ந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே போகும்போது பானுவின் நோட்டு திறந்து கிடந்தது. அதே கேள்விக்கான விடை, அவர் முதல் தடவை வரைந்த படத்துக்குக் கீழே, இரண்டாவது படத்துக்கு முன்னாலேயே, அழகாக எழுதி முடிக்கப்பட்டிருந்தது.

"பானு, உனக்குத்தான் இது தெரியுமே?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

பானு ஜன்னலோரத்துப் பையன் வெளியே போகும்வரை காத்திருந்தாள். அப்புறம் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துச் சொன்னாள்.

"பே… பேச்சி இன்னைக்கு மாடியில இருக்கா, டீச்சர்."